கிளியூர் அருவிக்குக் கீழே இருக்கும் அந்தப் பள்ளம்

"ஏற்காட்டில் கிளியூர் அருவி பார்க்கப் போனோம். தண்ணீர் அதிகம் இல்லை. ஆனால் அருவிக்குக் கீழே மரங்கள் அடைத்துக்கொண்டு, ஒடுக்கமாக, இருட்டாக இறங்கிப் போகிற ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. அருவியைவிட அதுதான் மனதில் நிற்கிறது. ஒரு காலத்தில் மலை பிளந்து உண்டானது என்று வண்டிக்காரர் சொன்னார். உண்மையா? அதற்குள் என்ன இருக்கிறது? இறங்கிப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அருவியடியைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டாம். காரணம் பிறகு வருகிறது.

மலை பிளந்த கதை எனக்கும் தெரியும். சிறுவயதில் அடிவாரத்தில் சோடா விற்றவர் முதல் எங்கள் வகுப்பு வாத்தியார் வரை எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பின்னால் நானே சேலத்தில் புவியியல் வாத்தியார் ஆகி, வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போய் வந்ததில், கதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. ஒரே இரவில் பிளந்த பள்ளம் இப்படி இருக்காது. இது நிதானமாக, கோடிக்கணக்கான மழைக்காலங்களில் அறுபட்டது.

எப்படி என்று புரிய, மலையின் வடிவத்தை முதலில் பார்க்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முனகிக்கொண்டு ஏறுவது இந்த 1,200 மீட்டரைத்தான். ஏறி முடித்ததும் என்ன பார்க்கிறீர்கள்? கூரான சிகரம் எதுவும் இல்லை. ஒரு ஏரி, அதைச் சுற்றி ஊர், காப்பித் தோட்டங்கள், மேடும் பள்ளமுமாகப் போகும் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. அதாவது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, நடுவில் ஓரளவு சமமாகவும் விளிம்பில் சட்டென்று சரிந்தும் இருக்கும் ஒரு பெரிய மேடை. சீமாட்டி இருக்கையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்கிறோமே, அது அந்த மேடையின் ஓரம்.

மேடையின் மேல் ஓடும் ஓடைக்கு அவசரமே கிடையாது. சரிவு குறைவு, வளைந்து நெளிந்து போகும், ஏரியில் தங்கும். விளிம்புக்கு வந்ததும் கதை மாறுகிறது. காலடியில் ஆயிரம் மீட்டர் இறக்கம். அதே தண்ணீருக்கு அங்கே வேகம் கூடிவிடுகிறது, அந்த வேகத்தில் அது பாறையை அறுக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்து மலைகளில் ஆழமான பள்ளங்கள் எல்லாம் நடுவில் இல்லாமல் ஓரத்திலேயே இருக்கின்றன. பக்கத்துக் கொல்லிமலையில் ஆகாய கங்கை விழும் இடமும் இதே கணக்குத்தான். நூற்றுக்கணக்கான படிகளில் முட்டி வலிக்க இறங்கினவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

கிளியூரில் விழுவது ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர். ஏறக்குறைய 300 அடி. ஏரி நிரம்பவில்லை என்றால் அருவி இல்லை, அவ்வளவுதான். நீங்கள் போனபோது தண்ணீர் மெலிந்திருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மாசி, பங்குனியில் போய்விட்டு "அருவியே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பாறை. எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறும்போது சாலைக்காக வெட்டிய இடங்களில் பாறையின் புது முகம் தெரியும். கருநீலமும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு இருக்கும். நம் ஊரில் எல்லாமே கருங்கல்தான். ஆனால் இதற்கு நிலவியலில் சார்னகைட் என்று தனிப் பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் ஆராய்ந்த பாறை இருந்தது நம் சென்னைப் பக்கம், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும். அதே சாதிதான் சேர்வராயனும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உண்டான கல். இன்று அது நம் காலடியில் இருக்கிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் கல்லும் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம். வளைவுகளிலிருந்து கீழே பார்த்தால் சேலத்துப் பக்கம் சுண்ணாம்பு கொட்டியது போல வெள்ளை மேடுகள் தெரியுமே, அவை மாக்னசைட் என்ற தாது. அது வேறு வரலாறு, இங்கே வேண்டாம்.

பல்லாவரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபூட், தொழிலால் நிலவியலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் குடியிருந்தது ஏற்காட்டில். பல்லாவரத்துப் பாறையிலிருந்து அதே பாறையாலான மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஏற்காட்டுக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவருக்காவது இது தெரியுமா என்பது சந்தேகம்.

சரி, இவ்வளவு கடினமான கல்லைத் தண்ணீர் எப்படி அறுத்தது? வெறும் தண்ணீர் அறுக்காது. வாளித் தண்ணீரை அம்மியில் ஊற்றினால் அம்மி தேயாது, மணல் போட்டுத் தேய்த்தால் தேயும். வெள்ளம் சுமந்து வரும் மணலும் கூழாங்கல்லும்தான் அரம். அந்த அரத்துக்கு வழிகாட்டியாக இருப்பது பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகள். மேலே இருந்த பாரம் நீங்க நீங்க, ஆழத்தில் நெருக்கப்பட்டுக் கிடந்த கல் தளர்ந்து, அதில் நேர்கோடாக வெடிப்புகள் விழும். மலை பிளந்தது என்ற கதையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. மயிரிழை போன்ற அந்த வெடிப்பில் மழைநீர் இறங்கும், கல் உள்ளுக்குள் அழுகும், மரவேர் புகுந்து நெம்பும், கடைசியில் ஒரு வெள்ளத்தில் ஒரு துண்டு கழன்று விழும். ஓடை அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு இறங்கும். பள்ளத்தாக்கின் போக்கு சில இடங்களில் அளவுகோல் வைத்தது போல நேராகவும், பிறகு சட்டென்று மடங்கியும் இருப்பதைக் கவனித்தீர்களானால், ஓடை ஒரு வெடிப்பை விட்டு இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அருவி விழும் பாறைச் சுவர் இருக்கிறதே, அது எப்போதும் அதே இடத்தில் நின்றதில்லை. அடியில் கல் கழன்று விழ விழ, சுவர் மெல்லப் பின்னால் நகரும், ஏரியை நோக்கி. அது கடந்து வந்த வழிதான் நீங்கள் பார்த்த பள்ளம். என் வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்போ ஒரு நாள் அருவி ஏரிக்கே போயிடுமா சார்?" என்றான். போகும், ஆனால் அதற்கு நீயும் நானும் இருக்கமாட்டோம் என்றேன். ஒரு விஷயம் மட்டும் அவனிடம் சொல்லாமல் விட்டேன். ஏரி, மேலிருந்து வரும் மணலையும் வண்டலையும் தன் வயிற்றிலேயே தங்க வைத்துக்கொள்கிறது. வழிந்து வரும் தண்ணீரில் அரம் குறைவு. ஆகவே தன் அழிவைத் தானே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறது அந்த ஏரி, என்பது என் கணிப்பு.

அருவியடியில் பார்க்க வேண்டியவை சில. ஓடைப் பாறையில் உரல் குழி போல வட்ட வட்டமாகக் குழிகள் இருந்தால் குனிந்து பாருங்கள். சுழல் தண்ணீரில் மாட்டிய கூழாங்கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை அவை. அடியில் கிடக்கும் பாறைகளில் முனை கூராக இருப்பவை பக்கச் சுவரிலிருந்து விழுந்தவை, உருண்டு வழவழப்பாக இருப்பவை தண்ணீர் உருட்டி வந்தவை. கூரானது நிறையக் கிடந்தால் மேலே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். பாறைச் சுவரில் தார் ஊற்றியது போல மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடும். கல்லின் நிறம் அல்ல அது, கசிவுநீர் வழியும் தடத்தில் வளர்ந்த பாசி. அருவி வற்றிய பிறகும் அந்தக் கோடுகளில் சில ஈரமாகவே இருக்கும்.

அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? மேடையின் மேல்புறம் பல இடங்களில் பாறை மக்கிச் செம்பாறாங்கல்லாகவும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டாகவும் மாறிக் கிடக்கிறது. சேர்வராயன் உச்சியில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனது அதனால்தான். இந்த மக்கிய அடுக்கு ரொட்டி மாதிரி, மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அடியில் மக்காத கல் தட்டுப்பட்டதும் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கின் சுவரில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே சுனையாக வெளியே வரும். வருடத்துக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் மேடையும், அதைச் சேமிக்கும் மேலோடும் இருப்பதால்தான் சேலத்துக்குத் திருமணிமுத்தாறு, ஓமலூர்ப் பக்கம் சரபங்கா, தருமபுரிப் பக்கம் வாணியாறு என்று இந்த ஒரு மலையிலிருந்து மூன்று திசைக்கு ஆறு பிறக்கிறது. மேலோட்டை வெட்டி எடுத்துவிட்டால் சுனைக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைமக்கள் இதை வேறு மொழியில் சொல்லி வைத்திருக்கிறார்கள். சேர்வராயன் உச்சியில் குகைக்குள் இருக்கும் கோயிலில் சேர்வராயரோடு கூட இருப்பவள் காவேரியம்மன். அந்தக் குகையின் வழி காவிரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மலைக்கொருவராகப் பிரிந்தார்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர், மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுவதிலிருந்தும் அங்கே கூடுவார்கள். குகை காவிரிக்குப் போகிறதோ இல்லையோ, இந்த மலையின் தண்ணீர் காவிரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் அங்கேதான் சேர்கின்றன.

பள்ளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதலில், மேலே இல்லாத ஒன்று இருக்கிறது: பழைய காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு மேடை முழுக்கக் காப்பிச் செடி, அதற்கு நிழலாக ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகு என்று ஆகிவிட்டது. பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் அது தோட்டம். செங்குத்தான பள்ளத்தாக்கில் காப்பி போட முடியாது, போட்டாலும் பறித்து மேலே கொண்டுவர முடியாது. அதனால் தப்பித்தது.

அதோடு பள்ளத்துக்கென்று ஒரு தட்பவெப்பம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலத்தில் 38 என்றால் ஏற்காட்டில் 30. பள்ளத்தின் அடியில் அதைவிடவும் குறைவாக இருக்கும், உயரம் குறைந்தும்கூட. வெயில் அங்கே எட்டிப் பார்ப்பது சில மணி நேரம்தான். காற்று அடிக்காது, அருவிச் சாரல் அலைந்துகொண்டே இருக்கும், ராத்திரியில் மேடையின் குளிர்காற்று கனத்து இதற்குள் இறங்கித் தங்கும். சேலம் அட்சரேகைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டே முறை, ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் அது தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு பார்த்த சுவரில் நிழல் அதிகம். ஒரே பள்ளத்தில் ஒரு பக்கம் பெரணியும் பாசியும் ஆர்க்கிடும் தொங்க, எதிர்ப்பக்கம் காய்ந்த புல்லும் முள்ளும் இருப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அடிவாரத்தில் உசிலையும் வேலமும் நிற்கும் காய்ந்த காடு, நடுச்சரிவில் மூங்கிலும் சந்தனமும், ஓடையோரத்தில் நாவலும் அத்தியும் நீர்மருதும். ஒரு பள்ளத்தாக்கு அடிவாரத்தையும் உச்சியையும் நிழலான ஒரு சந்து போல இணைக்கிறது. ஈரம் விரும்பும் உயிர்கள் அந்தச் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன.

எந்த உயிர்கள் என்று பார்த்தால் பெரிய மிருகத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். காட்டெருமை இருக்கிறது, காப்பித் தோட்டத்துக்குள்ளேயே வரும். எனக்கு அதைவிட அதிசயம் விரல் நீளப் பல்லிகள். பாறை இடுக்கில் வாழும் பகல் பல்லிகள் அவை. வீட்டுப் பல்லியின் கண்மணி கோடு போல இருக்கும், இவற்றுக்கு வட்டமாக இருக்கும், பகலில் நடமாடுவதால். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தை 2000-ல் விவரித்தார்கள். 2019-ல் இதே சேர்வராயன் மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு புது இனங்கள் வந்தன. வருடா வருடம் இலட்சக்கணக்கான பேர் வந்து போகிற சுற்றுலா மலையில், 2019 வரை பெயரில்லாமல் இரண்டு பல்லிகள் பாறையில் உட்கார்ந்திருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு. 1863-ல் பெடோம் என்பவர் விவரித்தது, சேர்வராயனுக்கே உரியது. மண்புழு தின்னும், விஷம் கிடையாது, ஆனாலும் மண்வெட்டியில் மாட்டினால் அடித்துவிடுகிறார்கள். மரங்களில் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று மலையின் பெயரையே வைத்துக்கொண்ட சிறு மரம் ஒன்று உண்டு.

இப்படி இந்த மலைக்கே என்று சில உயிர்கள் ஏன்? சுற்றிலும் வெக்கையான சமவெளி. மேற்கே தொப்பூர்க் கணவாய், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். குளிர்ச்சியும் ஈரமும் பழகிய சிறு பல்லிக்கு அந்தக் கணவாயைத் தாண்டுவது நமக்குக் கடலைத் தாண்டுவது மாதிரி. சேர்வராயன் ஒரு தீவு.

பறவைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மழைக்காலத்துக்குப் பின் விடியற்காலையில் போனால் ஓடைப்பக்கத்திலிருந்து யாரோ ஒரு பையன் பாட்டு மறந்து மறந்து சீட்டி அடிப்பது போலக் கேட்கும். பையன் இல்லை, சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, இருட்டில் சட்டென்று தெரியாது. குளிர்காலத்தில் ஓடைக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் வாலாட்டி இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் விருந்தாளி. உயரமான பாறைச் சுவரில் மலைத்தேனீ அடைகள் தொங்கினால் சத்தம் போடாமல், புகை போடாமல் திரும்பிவிடுங்கள்.

இப்போது, ஏன் இறங்க வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் பதினைந்து பிள்ளைகளோடு அருவியடியில் இருந்தேன். வானம் தெளிவாக இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். ஒரு பெண் பிள்ளைதான் முதலில் கவனித்தாள், "சார், தண்ணி டீ கலர்ல வருது" என்று. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் என் தப்பு. மேலே ஏரிப்பக்கம் கொட்டிய மழை எங்களுக்குத் தெரியவில்லை. ஏரி ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் பெய்தது அப்படியே வழிந்துவிட்டது. கடைசிப் பையனைக் கையைப் பிடித்துப் படிக்கட்டில் தூக்கிவிடும்போது நாங்கள் சாப்பாட்டுப் பை வைத்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. பத்து நிமிடம்கூட இருக்காது. ஒடுங்கிய பள்ளத்தில் தண்ணீருக்குப் பரவ இடம் இல்லை, உயர்வதற்கு மட்டும்தான் வழி உண்டு. அருவியடியிலாவது ஏறி ஓடப் படிக்கட்டு இருந்தது. அதற்குக் கீழே அதுவும் கிடையாது, பாசிப் பாறையில் ஒரு கால் பிசகினால் தூக்கிக்கொண்டு மேலே வர நாள் முழுக்க ஆகும். கைப்பேசி எடுக்காது. சுற்றிலும் இருப்பது காப்புக் காடும் தனியார் தோட்டங்களும்.

தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

அப்புறம் ஏரியில் ஊர்க் கழிவு எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவும் இந்த அருவியில் விழுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கலாம், குடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் விஷயத்தில் நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பள்ளத்தாக்கை முழுசாகப் பார்க்க ஆசை என்றால், உள்ளே இறங்காமல் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. பகோடா முனையில் நின்று பாருங்கள், மேடையின் விளிம்பு எப்படி அறுபட்டிருக்கிறது என்று தெரியும். அதைவிடப் பெரிய பள்ளம் வேண்டுமென்றால் வாணியாறு. சேர்வராயனைக் கிழக்கு மேற்கு என்று இரண்டாகப் பிரிப்பதே அந்த ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்குத்தான், கிளியூர் அதற்கு முன்னால் குழந்தை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு அணைக்குப் போய், தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை திறந்து கிடப்பதைப் பார்க்கலாம். கூட்டம் இருக்காது. திரும்பி வரும்போது அதே பேருந்துப் பாதையில் வராமல், கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கிப் பாருங்கள்.

கிளியூருக்கே மறுபடி போவதாக இருந்தால் கார்த்திகையில், ஏரி நிரம்பி, மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுதான். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்குமேல் வேன்கள் வந்துவிடும், பூங்குருவியின் சீட்டி கேட்காது.